காலில் ஒட்டாத பந்து: பழைய பாணி ஆர்கேட் கால்பந்து கேம்களின் ஈர்ப்பும் குறையும்

கேள்வி இதுதான்: பழைய பாணியில், பிக்சல் படங்களோடு வரும் ஆர்கேட் கால்பந்து கேம்களை, அதாவது யதார்த்தத்தைவிட வேகத்துக்கும் அதிரடிக்கும் இடம் தரும் கேம்களை, சிலர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். வாங்கி ஆடிப் பார்த்தால் முதல் சில நாள் பிரமாதமாக இருக்கிறது, அப்புறம் அலுத்துவிடுகிறது. அந்த ஈர்ப்பு உண்மையானதா, இல்லை சின்ன வயது நினைவா? அலுப்புக்குக் காரணம் கேமா, ஆடுகிறவரா?

ஈர்ப்பு உண்மைதான். அலுப்புக்குக் காரணமும் பெரும்பாலும் கேம்தான். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்பது என் கருத்து. அந்த இடம் பிக்சல் அல்ல. பந்து வீரரின் காலில் எப்படி நடந்துகொள்கிறது, உங்கள் கை அசைவுக்கு அந்த வீரர் எவ்வளவு சீக்கிரம் கட்டுப்படுகிறார் என்பதுதான். இதைச் சொல்ல 1989இலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த ஆண்டு டினோ டினி என்பவர் எழுதிய ‘கிக் ஆஃப்’ அமிகா, அட்டாரி எஸ்டி கணினிகளுக்கு வந்தது. அதற்கு முன் வந்த கால்பந்து கேம்கள் பலவற்றில் பந்து கிடைத்தவுடன் அது காலோடு ஒட்டிக்கொள்ளும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே வரும். கிக் ஆஃபில் பந்து தனிப் பொருள். வீரர் ஓடும்போது அதைத் தட்டித் தட்டி முன்னால் கொண்டுபோவார். சட்டென்று திசை மாற்றினால் வீரர் ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம். முதல் ஒரு மணி நேரம் எரிச்சல்தான் வரும். பிறகு ஒரு கட்டத்தில் பந்தை நிறுத்தித் திருப்பி எடுத்துக்கொண்டு ஒரு டிஃபென்டரைத் தாண்டுவீர்கள். அந்தத் திறமை உங்கள் கைக்கு வந்தது, திரையில் இருக்கும் வீரருக்கு யாரோ போட்டுக்கொடுத்த மதிப்பெண்ணால் வந்ததல்ல. இந்த வகை கேம்களின் உயிர் இதில்தான் இருக்கிறது.

1992இல் ‘சென்சிபிள் சாக்கர்’ வந்தது. ஜான் ஹேர், கிறிஸ் யேட்ஸ் இருவரும் நடத்திய சென்சிபிள் சாஃப்ட்வேர் நிறுவனம் அதற்கு முந்தைய ஆண்டு ‘மெகா லோ மேனியா’ என்ற வியூக கேமை வெளியிட்டிருந்தது. அதிலிருந்த குட்டி மனிதர்களுக்கு ஜெர்சி மாட்டிப் பார்த்ததில்தான் சென்சிபிள் சாக்கரின் தோற்றம் பிறந்தது. வீரர்கள் அவ்வளவு சின்னதாக இருந்ததால் மைதானத்தின் பெரும் பகுதி ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. கிக் ஆஃபில் திரை வெகு வேகமாக நகரும், அடுத்த வீரர் எங்கே நிற்கிறார் என்று பெரும்பாலும் ஊகிக்க வேண்டும். சென்சிபிளில் பார்த்து பாஸ் போடலாம். ‘கேமரா தூரத்தில் இருக்கிறது’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. அந்தத் தூரம்தான் குருட்டு வேகத்தைப் பாஸிங் ஆட்டமாக மாற்றியது.

கட்டுப்பாடு என்று பார்த்தால் ஒரு ஜாய்ஸ்டிக், ஒரே ஒரு பட்டன். அன்றைய ஜாய்ஸ்டிக்குகளில் பெரும்பாலும் அவ்வளவுதான் இருந்தது. அந்த ஒரு பட்டனை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பந்தோடு மேல்நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். பெனால்டி பாக்ஸின் மூலைக்குச் சற்று வெளியே, கோலுக்குச் சாய்வாக வந்துவிட்டீர்கள். ஜாய்ஸ்டிக்கைக் கோலின் திசையில் சாய்த்துப் பட்டனை அழுத்துகிறீர்கள். பந்து காலை விட்டுக் கிளம்பிவிட்டது. விஷயமே இனிமேல்தான் ஆரம்பம். ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் ஜாய்ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் பந்து மேலே எழும். பக்கவாட்டில் தள்ளினால் அந்தப் பக்கம் வளையும். இரண்டையும் கலந்து இழுத்தால் எழும்பியபடி வளைந்து தூரத்துக் கம்பத்தின் உள்பக்கமாக இறங்கும். கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டால் பந்து கம்பத்துக்கு மேலே போய்விடும். இதற்கு ஆஃப்டர்டச் என்று பெயர்.

நிஜக் கால்பந்தில் உதைத்த பிறகு பந்தின்மேல் யாருக்கும் அதிகாரம் கிடையாது. இயற்பியல்படி பார்த்தால் இது சுத்தமாகத் தவறு. இருந்தும் கைக்கு ஏன் அவ்வளவு சரியாகப் படுகிறது? நிஜ வீரர் ஒரே உதையில் பாதத்தின் கோணம், உடலின் சாய்வு, பலம், சுழற்சி எல்லாவற்றையும் சேர்த்துவிடுகிறார். ஒரு பட்டனால் அதெல்லாம் முடியாது. அதனால் உதைக்கும் கணத்தையே கொஞ்சம் நீட்டி, மீதி முடிவுகளை எடுக்க அங்கே இடம் கொடுத்திருக்கிறார்கள். பந்து போய்க்கொண்டிருக்கும்போதே கோல்கீப்பர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்று பார்த்து வளைக்கலாம். யதார்த்தத்தை நகலெடுக்காமலே உதைக்கும் உணர்வைக் கொண்டுவந்த மிக நல்ல வடிவமைப்பு முடிவுகளில் இதற்கு என் பட்டியலில் முதலிடம்.

இன்னொரு காரணம் வேகம். ஐரோப்பிய அமிகா நொடிக்கு 50 முறை திரையைப் புதுப்பிக்கும். ஜாய்ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினால் வீரர் உடனே இடப்பக்கம் பார்ப்பார். இடையில் எதுவும் இல்லை. இன்றைய பெரிய கேம்களில் வீரர் திரும்ப வேண்டுமென்றால் முதலில் ஊன்றிய கால் எடுக்கப்பட வேண்டும், இடுப்பு திரும்ப வேண்டும், அடுத்த அடி விழ வேண்டும். அந்த அசைவுகள் நிஜ வீரர்களிடமிருந்து பதிவு செய்யப்பட்டவை, பார்க்க மிக அழகு. ஆனால் உங்கள் கட்டளை அந்த அசைவு முடியும்வரை காத்திருக்கிறது. யதார்த்தம் வேண்டுமென்றால் அந்த விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பழைய பாணி கேம்கள் அதைக் கொடுக்க மறுத்தவை. பலர் ‘நினைவு ஏக்கம்’ என்று ஒதுக்கிவிடுவது உண்மையில் இந்த உடனடித்தன்மையைத்தான். அமிகாவையே பார்த்திராத இளைஞரிடம் கொடுத்தாலும், சிறிது நேரத்தில் அவர் கை அதைக் கண்டுகொள்ளும்.

பொது விளையாட்டுக் கூடங்களில் நாணயம் போட்டு ஆடிய ஆர்கேட் எந்திரங்களின் கதை சற்று வேறு. 1985இல் வந்த ‘தெஹ்கான் வேர்ல்டு கப்’ ஜாய்ஸ்டிக்குக்குப் பதிலாக உருட்டும் பந்து ஒன்றைக் கையில் கொடுத்தது. 1992இல் எஸ்என்கேயின் ‘சூப்பர் சைடுகிக்ஸ்’, 1994இல் சேகாவின் முப்பரிமாண ‘வெர்ச்சுவா ஸ்ட்ரைக்கர்’ என்று அது வளர்ந்தது. எந்திரத்துக்கு வருமானம் வர வேண்டும், அடுத்த ஆள் காத்திருக்கிறார். ஆகவே ஆட்டம் சில நிமிடங்களில் முடியும், கோல்கள் நிறைய விழும், தோற்றால் மறுபடி காசு. அதிரடி, சுருக்கம், உரத்த கொண்டாட்டம் எல்லாம் அந்தத் தேவையிலிருந்து பிறந்த குணங்கள். வீட்டில் அந்தத் தேவை இல்லை. கூடத்தில் இனித்த அதே கேம் வீட்டில் சீக்கிரம் தீர்ந்துபோவதற்கு இது ஒரு பெரிய காரணம். ஐந்து நிமிடம் ஒருவரை மகிழ்விக்கச் செய்ததை ஐம்பது மணி நேரம் ஆடப் பார்க்கிறோம்.

மிகைப்படுத்தலை மட்டும் நம்பிய கிளை ஒன்றும் உண்டு. டெக்னோஸ் நிறுவனம் செய்து 1990இல் வந்த ‘நிண்டெண்டோ வேர்ல்டு கப்’பில் எதிராளியை இடித்துத் தள்ளலாம், ஃபவுல் கிடையாது, அடி வாங்கிய வீரர் தரையிலேயே கிடப்பார். நீங்கள் ஒரு வீரரை மட்டும்தான் இயக்குவீர்கள், மற்றவர்களுக்கு ‘பாஸ் கொடு’, ‘ஷூட் பண்ணு’ என்று உத்தரவிடுவீர்கள். நல்ல வேடிக்கை. ஆனால் நான் மேலே சொன்ன கைத்திறன் வேறு, இது வேறு.

சரி, குறைகளுக்கு வருவோம்.

முதல் குறை, தனியாக ஆடுவது. கம்ப்யூட்டர் எதிராளி உங்களைப் போல ஆஃப்டர்டச் கற்றுக்கொண்டு வந்தவரல்ல. அவருக்கு எழுதிவைத்த விதிகள் சில உண்டு. அந்த விதிகளில் ஒரு ஓட்டை கண்டுபிடித்துவிட்டால் அத்தோடு ஆட்டம் முடிந்தது. 1993இல் வந்த முதல் ஃபிஃபா கேமில் கோல்கீப்பர் பந்தை வெளியே விடும்போது அவருக்கு முன்னால் போய் நின்றால் போதும், பந்து உங்கள் மேல் பட்டு கோலுக்குள்ளேயே திரும்பிப் போகும். இவ்வளவு அப்பட்டமாக இல்லாவிட்டாலும், இந்த வகை கேம்களில் அனேகமாக எல்லாவற்றிலும் ஓர் ‘உறுதியான கோல்’ இருக்கும். பாக்ஸின் மூலையிலிருந்து சாய்வாக வளைத்து அடிப்பது அதில் மிகப் பரவலானது. கோல்கீப்பரின் கணக்கு எளிமையானது, ஆகவே ஏமாற்றுவதும் எளிது. அதைக் கண்டுபிடித்த பிறகு வேறு எப்படி ஆடவும் மனம் வராது. கடினத்தைக் கூட்ட வேண்டும் என்று வந்தால், பல கேம்கள் எதிராளியின் மூளையைக் கூட்டுவதில்லை, கால் வேகத்தைக் கூட்டுகின்றன. உங்கள் வீரரைவிடச் சும்மாவே வேகமாக ஓடும் டிஃபென்டரிடம் தோற்பதில் கற்றுக்கொள்ள எதுவுமில்லை.

இரண்டாவது, தற்காப்பு. தாக்குதலுக்கு ஒரு பட்டன் போதும் என்று காட்டிய அதே வடிவமைப்பு, தற்காப்பில் கையைக் கட்டிப்போடுகிறது. பந்துக்கு அருகில் இருப்பவர் தானாகவே உங்கள் கட்டுப்பாட்டுக்கு வருவார். எதிரி பாஸ் போடும் கணத்தில் நீங்கள் ஒருவரை வலப்பக்கம் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள், கேம் இன்னொருவரைத் தேர்ந்தெடுத்துவிடும். வலப்பக்கம் அழுத்திய விரலை எடுப்பதற்குள் அந்தப் புதியவர் தன் இடத்தை விட்டு வலப்பக்கம் ஓடியிருப்பார். பட்டனை அழுத்தினால் ஸ்லைடிங் டாக்கிள். சறுக்கிவிட்டால் எழுந்து வர நேரமாகும், அதற்குள் எதிரி கோலுக்கு முன்னால். பந்தைப் பறிக்காமல் வழியை மட்டும் மறித்துக்கொண்டு பின்வாங்குவது கால்பந்துத் தற்காப்பில் பாதி. அதற்கு இங்கே வழியே இல்லை. போதாக்குறைக்கு சென்சிபிள் சாக்கரில் ஆஃப்சைடும் கிடையாது. ஆட்டம் தடையில்லாமல் ஓட அது உதவியது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆஃப்சைடு இல்லாத இடத்தில் டிஃபென்ஸ் வரிசை என்ற ஒன்றுக்கே வேலை இல்லாமல் போகிறது.

உயரப் பந்து இன்னொரு தொல்லை. மேலிருந்து பார்க்கும் கோணத்தில் பந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதற்கு அதன் நிழல்தான் சாட்சி. நிழலும் பந்தும் விலகும் தூரத்தை வைத்து எங்கே இறங்கும் என்று கணிக்க வேண்டும். பழகினால் வரும், ஆனால் கார்னர் கிக்கில் ஆறு பேர் குவிந்து நிற்கும்போது ஹெட்டர் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம்தான்.

வீரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இருப்பது பற்றியும் சொல்ல வேண்டும். பதினொரு பேருக்கும் ஒரே வேகம், ஒரே உதை என்றால் அணியைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை, பிடித்த வீரர் என்று யாரும் உருவாக மாட்டார். இதற்கு விடை 1994லேயே வந்துவிட்டது. ‘சென்சிபிள் வேர்ல்டு ஆஃப் சாக்கர்’ சுமார் 1,500 அணிகளையும் 27,000 வீரர்களையும் அந்தக் குட்டி டிஸ்க்குகளில் அடக்கியது. பாஸிங், ஹெடிங், டாக்கிளிங், வேகம், ஃபினிஷிங் என்று வீரருக்கு வீரர் திறமை மாறியது. மேலாளராகி 20 சீசன் ஓட்டலாம். எங்கோ கீழ்நிலை லீகில் ஒரு வேகமான இளம் ஃபார்வர்டைக் கண்டுபிடித்து வாங்கினால், அந்த வேகத்தை அடுத்த ஆட்டத்தில் உங்கள் கையாலேயே உணர்வீர்கள். மேலாண்மையும் கைத்திறனும் இப்படிக் கைகோத்த கேம் அதற்குப் பிறகும் அரிது. அதனால்தான் 2007இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஹென்றி லோவுட் தலைமையில் ஒரு குழு, பாதுகாக்க வேண்டிய முக்கியமான பத்து வீடியோ கேம்கள் என்று ஒரு பட்டியல் போட்டபோது அதில் இடம்பெற்ற ஒரே விளையாட்டுப் போட்டி கேம் இதுவானது.

நிஜ வீரர்களின் பெயர்களுக்கு உரிமம் இல்லாமல் பொய்ப் பெயர்களோடு வருவதைச் சிலர் பெரிய குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. கொனாமியின் ‘இன்டர்நேஷனல் சூப்பர்ஸ்டார் சாக்கர்’ கேமில் பிரேசில் அணிக்கு அல்லேஜோ என்று ஒரு கற்பனை ஃபார்வர்டு. நிஜத்தில் அப்படி ஒருவர் கிடையாது. பிரேசிலில் ஒரு தலைமுறையே இன்றும் அவரை ஓர் உண்மையான நட்சத்திரத்தைப் போல நினைவுகூர்கிறது. ஆட்டம் நன்றாக இருந்தால் பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும்.

இப்போது புதிதாக வரும் பழைய பாணி கேம்களுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு உண்மையான வருத்தம். பலர் தோற்றத்தை எடுத்துக்கொண்டு உணர்வை விட்டுவிடுகிறார்கள். பெரிய பெரிய பிக்சல்கள், பழைய கணினிகளின் ‘பீப்’ ஒலியைப் போன்ற சிப் இசை, கேலியான மீசை வைத்த வீரர்கள் எல்லாம் இருக்கும், ஆனால் பந்து காலில் ஒட்டிக்கொண்டிருக்கும், பாஸ் தானாகவே ஆளைத் தேடிப் போகும். கேமராவைக் கிட்டத்தில் வைத்துவிடுவார்கள், ஏனென்றால் வீரர்களின் அனிமேஷனை அவ்வளவு சிரமப்பட்டு வரைந்திருக்கிறார்கள். பாஸ் வாங்க வேண்டியவர் திரைக்கு வெளியே நிற்பார். முதல் நாள் தோற்றம் கவரும். தோற்றம் பழகியதும் அதற்குக் கீழே கற்றுக்கொள்ள எதுவும் மீதி இல்லை. அலுப்பு வருவது அங்கேதான்.

மூலகர்த்தாக்களே திரும்பி வந்தும் எளிதாக இல்லை. டினோ டினி 2016இல் ‘கிக் ஆஃப் ரிவைவல்’ கேமைப் பிளேஸ்டேஷன் 4க்குக் கொண்டுவந்தார். பந்து ஒட்டாத கொள்கையில் அவர் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை, அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அதைக் கற்றுக்கொடுக்கவும் பெரிதாக எதுவும் செய்யவில்லை, ஆடுவதற்கு வகைகளும் குறைவு. விமர்சகர்கள் கடுமையாகவே எழுதினார்கள். ஜான் ஹேர் முப்பரிமாணத்துக்கு மாறினார். பல ஆண்டுகள் மெருகேற்றிய ‘சோஷியபிள் சாக்கர்’ 2023இல் ‘சோஷியபிள் சாக்கர் 24’ ஆக வந்தது. பழைய வேகமும் வளைவும் அதில் ஓரளவு உயிரோடு இருக்கின்றன. உருகுவேயின் பத்தோவி நிறுவனம் செய்த ‘பிக்சல் கப் சாக்கர்’ தோற்றத்தில் மட்டுமல்ல, ஆடுவதிலும் அக்கறை காட்டிய கேம், பெண்கள் அணிகளும் உண்டு.

முற்றிலும் வேறு வழியில் போனவர் ‘நியூ ஸ்டார் சாக்கர்’ செய்த சைமன் ரீட். 2013இல் அந்த கேம் பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது. அவருடைய நிறுவனம் 2021இல் வெளியிட்ட ‘ரெட்ரோ கோல்’ கேமில் முழு ஆட்டத்தையும் நீங்கள் ஆட மாட்டீர்கள். கோல் வாய்ப்பு வரும்போது மட்டும் மைதானத்துக்குள் இறக்கிவிடுவார்கள். விரலால் கோடு இழுத்து பாஸ், விரலால் இழுத்தே ஷாட். தற்காப்பு உங்கள் கையில் இல்லை. மேலே சொன்ன தற்காப்புத் தொல்லையைச் சரிசெய்யப் போராடாமல் அதை முழுவதுமாக வெட்டியெறிந்துவிட்டார்கள். தொடுதிரைக்கு இது மிகப் புத்திசாலித்தனமான முடிவு. ஆனால் 1-0 என்று முன்னிலையில் இருக்கும்போது நீங்கள் பார்த்துக்கொண்டே இருக்க, கணக்குப்படி ஒரு கோல் விழும். அப்போது கோபம் வரத்தான் செய்யும்.

இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து ஆடினால் மேலே சொன்ன குறைகளில் பாதி காணாமல் போகும். ‘உறுதியான கோல்’ எது என்று இருவருக்கும் தெரியும், ஆகவே அந்த மூலைக்கு வரவிடாமல் தடுப்பதே ஒரு வியூகமாகிறது. மோசமான ஆட்டோமேட்டிக் தேர்வு இருவரையும் சமமாகத்தான் பாதிக்கும். கிக் ஆஃப் 2க்கு 2001இலிருந்து ரசிகர்கள் தாங்களாகவே உலகக் கோப்பை நடத்தி வருகிறார்கள் என்றால் அது மனித எதிராளியால்தான். ஆன்லைன் அதே சுகத்தைத் தருவதில்லை. ஆஃப்டர்டச் போன்ற நுணுக்கத்துக்கு இணையத் தாமதம் எமன். தவிர சின்ன நிறுவனங்களின் கேமில் வெளியான சில மாதங்களிலேயே எதிரில் ஆட ஆள் கிடைப்பது கடினமாகிவிடும்.

ஆடுகிறவர் கையில் இருக்கும் சில விஷயங்களும் உண்டு. டிவியில் கேம் மோடு இருந்தால் கட்டாயம் போடுங்கள். படத்தை அழகாக்க டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் சாதாரணமாகத் தெரியாது, இந்த வகை கேமில் நன்றாகவே தெரியும். எட்டுத் திசைக்காக எழுதப்பட்ட கேமை கன்ட்ரோலரின் அனலாக் ஸ்டிக்கில் ஆடாமல், திசைப் பட்டன்களான டி-பேடில் ஆடுங்கள். ஆஃப்டர்டச்சுக்குத் திடீரென எதிர்த்திசைக்குப் போக வேண்டும், ஸ்டிக் நடுவைக் கடந்து போவதற்குள் நேரம் போய்விடும். உதவி அமைப்புகளில், பாஸைத் தானாக ஆளிடம் சேர்க்கும் ‘பாஸ் அசிஸ்ட்’ இருந்தால் முதல் வாரம் வைத்திருங்கள், பிறகு அணைத்துவிடுங்கள்.

எதை வாங்கலாம் என்றால், தனியாக நீண்ட காலம் ஆட நினைப்பவருக்கு சென்சிபிள் வேர்ல்டு ஆஃப் சாக்கர்தான் இன்றும் என் முதல் பதில். போனில் பத்து நிமிடம் போதும் என்றால் ரெட்ரோ கோல். பக்கத்தில் உட்கார ஒரு நண்பர் இருந்தால் பிக்சல் கப் சாக்கர். வேறு எதையாவது பார்த்து ஆசைப்பட்டால் வாங்குமுன் டெமோவிலோ ஒரு வீடியோவிலோ மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். வீரர் முழு வேகத்தில் ஓடும்போது சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பினால் பந்து கூடவே வருகிறதா, விலகுகிறதா? உதைத்த பிறகு பந்தின் போக்கை மாற்ற முடிகிறதா? பாஸ் வாங்க வேண்டிய வீரர், பாஸ் போடும் நேரத்தில் திரைக்குள் தெரிகிறாரா? பந்து விலகி, போக்கு மாறி, ஆளும் கண்ணில் பட்டால் கிராபிக்ஸ் எவ்வளவு எளிமையாக இருந்தாலும் வாங்கலாம். இவற்றில் ஒன்றுகூட இல்லையென்றால், தள்ளுபடியில் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.